எரியாத பாட்டரி யாருக்குச் சொந்தம்?

மின்சார ஸ்கூட்டர் தீப்பிடிக்கிறது. மின்சார ஆட்டோ தீப்பிடிக்கிறது. ஏன் என்று ஜனங்கள் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு ஒரு பதில் இப்போது தயாராக இருக்கிறது. "கெட்டிப் பாட்டரி வரப் போகிறது. அதில் எரியும் திரவம் கிடையாது. அது வந்துவிட்டால் தீ என்ற பேச்சே இராது. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்யும், தனியார் முயற்சி அதைச் சந்தைக்குக் கொண்டு வரும், அதுவரை பொறுத்திருங்கள்" என்பதே அந்தப் பதில். முதலாளிமார் மாநாடுகளில் இது பேசப்படுகிறது. இங்கிலீஷ் பத்திரிகைகளின் வியாபாரப் பக்கங்களில் அச்சாகிறது. வண்டி விற்கும் கடைக்காரர் வாயிலும் வந்து விட்டது.

இந்தப் பதிலில் பாதி உண்மை, பாதி புரட்டு. உண்மையான பாதியை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். புரட்டான பாதியை உடைத்துக் காட்டுவது நம் கடமை. ஏனெனில் சிதம்பரத்தில் தேரோடும் நான்கு வீதிகளிலும், கடலூர் பஸ் நிலையத்தைச் சுற்றியும் இன்று மின்சார வண்டி ஓட்டுகிறவர்கள் பணக்காரர்கள் அல்ல. பெட்ரோல் விலைக்குப் பயந்து தவணைக் கடனில் வண்டி எடுத்தவர்கள். வீடு வீடாகச் சாப்பாடும் சாமானும் கொண்டு கொடுக்கும் பையன்கள். சவாரிக்காகக் காத்துக் கிடக்கும் ஆட்டோத் தோழர்கள். தனிக் கொட்டகை அவர்களுக்கு ஏது? ராத்திரி வண்டியைச் சார்ஜில் போடுவது குடும்பம் படுத்துறங்கும் அதே வீட்டில்தான். அவர்களிடம் போய் "பொறுத்திருங்கள்" என்று சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று பார்ப்போம்.

திரவம் எரிகிறது – அது உண்மையே

பாட்டரி என்பது என்ன? இரண்டு முனைகள்; அவற்றுக்கு நடுவே ஒரு பொருள். இந்த நடுப்பொருளைப் பாடப் புத்தகம் மின்பகுளி என்கிறது. பஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் தோழருக்கு ஈயப் பாட்டரி தெரியும். அதில் நடுவே இருப்பது கந்தக ஆசிட். அது கையைப் பொசுக்கும், துணியைப் பொத்தலாக்கும். ஆனால் அந்த ஆசிட் தீப்பற்றி எரிவதில்லை.

1991-ல் ஜப்பானின் சோனி கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்த லித்தியம் அயனிப் பாட்டரி வேறு விதம். லித்தியத்துக்கும் தண்ணீருக்கும் ஆகாது. ஆகவே தண்ணீருக்குப் பதிலாகக் கார்பனேட் வகையைச் சேர்ந்த திரவங்களில் லித்தியம் உப்பைக் கரைத்து நடுவே ஊற்றுகிறார்கள். இந்தத் திரவம் எரியக் கூடியது. இரு முனைகளும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைப்பது மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. இந்தச் சவ்வு கிழிந்தாலும் உருகினாலும் முனைகள் தொட்டுக்கொள்கின்றன. சூடு கிளம்புகிறது. சூடு ரசாயன மாறுதலைத் தூண்டுகிறது. அந்த மாறுதல் மேலும் சூட்டைக் கிளப்புகிறது. ஒரு செல் பக்கத்துச் செல்லைக் கொளுத்துகிறது. வரும் புகையில் ஹைட்ரோபுளோரிக் ஆசிட் போன்ற நஞ்சும் கலந்திருக்கிறது.

2022 மார்ச் மாதக் கடைசியில் வேலூரில் இதுதான் நடந்தது. இரவில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த புது ஸ்கூட்டர் எரிந்தது. தப்ப வழியில்லாமல் தகப்பனாரும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாதில் மின்சார ஸ்கூட்டர் விற்பனை நிலையத்தில் தீப்பிடித்து, மேல் மாடிகளில் இருந்த ஓட்டலில் தங்கியிருந்த 8 பேர் மாண்டார்கள்.

ஆகவே எரியும் திரவத்தை எடுத்துவிட்டு எரியாத கெட்டிப் பொருளை நடுவே வைப்பது நல்ல காரியம், மிக நல்ல காரியம். இதில் நமக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்தக் கெட்டிப் பொருளைக் கண்டுபிடித்தவர் யார்? இங்கேதான் புரட்டு தொடங்குகிறது.

கண்டவர்கள் யார்?

கெட்டிப் பொருளின் வழியே மின் அயனிகள் ஓட முடியும் என்பதை 1830-களிலேயே பார்த்தவர் மைக்கேல் பாரடே. கொல்லன் மகன், புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைக் கற்றவர். வெள்ளி சல்பைடு போன்ற பொருள்கள் சூடேறினால் மின்சாரத்தைக் கடத்துவதைக் கண்டு எழுதி வைத்தார். அதன் பிறகு நூற்றைம்பது ஆண்டுக் காலத்தில் பல நாட்டு விஞ்ஞானிகள் இதில் உழைத்திருக்கிறார்கள். கம்பெனி ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1967-ல் அமெரிக்காவின் போர்டு கம்பெனி விஞ்ஞானிகள் சோடியம் அயனியைக் கடத்தும் ஓர் அலுமினாப் பீங்கானைப் பற்றி அறிவித்தார்கள். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

ஆனால் லித்தியப் பாட்டரிக்கு ஏற்ற பீங்கான்களில் இன்று உலகம் முழுவதும் பேசப்படும் ஒன்றின் கதையைக் கேளுங்கள். கடலூரிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால், புதுச்சேரியைத் தாண்டியதும் காலாப்பட்டு. அங்கே இருப்பது புதுச்சேரிப் பல்கலைக் கழகம். 1985-ல் மத்திய சர்க்கார் நிறுவியது. அதன் இயற்பியல் துறையைச் சேர்ந்த ராமசாமி முருகன், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற வெங்கட்ராமன் தங்கதுரை, ஜெர்மனியின் கீல் பல்கலைக் கழகப் பேராசிரியர் வெர்னர் வெப்னர் ஆகிய மூவரும் 2007-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். 7 பங்கு லித்தியம், 3 பங்கு லாந்தனம், 2 பங்கு சிர்கோனியம், 12 பங்கு ஆக்சிஜன் – இவை சேர்ந்த ஒரு பீங்கானை 1230 டிகிரிச் சூட்டில் சுட்டெடுத்தார்கள். சாதாரண அறைச் சூட்டிலேயே அதனுள் லித்தியம் அயனி விரைந்து ஓடியது. லித்திய உலோகம் அருகே இருந்தாலும் அது சிதையாமல் தாக்குப் பிடித்தது. தீயிலிட்டாலும் எரியாது. கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கடற்கரை மணலில் கிடக்கும் கார்னெட் என்ற சிவப்புக் கல்லின் உள்ளமைப்பு எதுவோ, ஏறக்குறைய அதே அமைப்புத்தான் இதற்கும். எனவே இதைக் கார்னெட் வகை என்கிறார்கள். தங்கதுரையும் வெப்னரும் இந்த வகையின் முந்திய பீங்கான்களை 2003-லேயே கண்டிருந்தார்கள். 2007-க்குப் பின் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகள் இந்தக் கண்டுபிடிப்பை ஆதாரமாகக் காட்டி வெளிவந்திருக்கின்றன.

கவனியுங்கள். மூவருமே சர்வகலாசாலைகளில் வளர்ந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த சம்பளமும் சூளையும் கருவியும் பொதுஜனங்களின் வரிப்பணம். எந்த முதலாளியும் தன் பணப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு "எரியாத பொருளைக் கண்டுபிடி" என்று அவர்களை அனுப்பவில்லை. கட்டுரை வெளியான அன்று அது எல்லோருக்கும் பொதுவான அறிவாக இருந்தது.

பிறகு என்ன நடந்தது? அமெரிக்காவில் குவாண்டம்ஸ்கேப் என்றொரு கம்பெனி, 2010-ல் தொடங்கியது. கார்னெட் வகைப் பீங்கான்களின் பேரில் அது காப்புரிமைகளை வாங்கிக் குவித்தது. 2020-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதன் பங்குகளின் மொத்த மதிப்பு, ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கார்களைச் செய்து விற்கும் போர்டு கம்பெனியின் மதிப்பையே தாண்டி விட்டது! அன்றைக்கு அது ஒரு பாட்டரி கூட விற்றிருக்கவில்லை. பிறகு பங்கு விலை சரிந்தது என்பது வேறு கதை. உச்சியில் விற்றவர் கொழுத்தார். நம்பி வாங்கியவர் தலையில் துண்டு போட்டுக் கொண்டார். பொது அறிவைச் சூதாட்டக் காயாக ஆக்குவதற்குத்தான் இவர்கள் "தனியார் முயற்சி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கெட்டியானால் மட்டும் போதுமா?

இனி இரண்டாவது கேள்வி. நடுப்பொருள் கெட்டியாகி விட்டால் ஆபத்து தானாகவே ஒழிந்து விடுமா?

ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். நாம் மேலே சொன்ன அலுமினாப் பீங்கானை நடுவே வைத்து, உருகிய சோடியத்தையும் கந்தகத்தையும் இரு பக்கமும் கொண்ட பெரிய பாட்டரிகளை அங்கே என்.ஜி.கே. கம்பெனி செய்து வந்தது. மின்பகுளி முழுக்க முழுக்கக் கெட்டிப் பீங்கான். 2011 செப்டம்பரில் இபராக்கி மாகாணத்து ஆலையொன்றில் வைத்திருந்த அந்த வகைப் பாட்டரி தீப்பற்றியது. தீ முழுவதும் அடங்க இரண்டு வாரங்களாயின. பழுதான ஒரு செல்லிலிருந்து கசிந்த உருகிய பொருள் பக்கத்துச் செல்களை எட்டி ஷார்ட் சர்க்யூட் ஆக்கியது என்பது விசாரணையில் வெளியாயிற்று. அதற்குப் பரிகாரமாக என்ன செய்தார்கள்? புதிய அதிசயப் பொருள் எதையும் தேடிப் போகவில்லை. செல்களுக்கிடையே பியூஸ் வைத்தார்கள். தீ தாண்டாத பலகைகளை வைத்தார்கள். அதாவது பாதுகாப்புக்குச் செலவு செய்தார்கள். அவ்வளவுதான்!

கார்னெட் பீங்கானுக்கும் குறைகள் உண்டு. அயனி ஓட்டத்தில் அது திரவத்தைவிடப் பல மடங்கு பின்தங்கியது. காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் பிடித்து மேலே கார்பனேட் தோல் போர்த்துக்கொள்ளும். கண்ணாடி போல் விரிசல் விடும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் முள் முளைப்பது போல் வளர்ந்து, பீங்கானின் பொடிமணிகளுக்கு இடையே புகுந்து மறுபக்கத்தைத் தொடக்கூடும். இவற்றையெல்லாம் தீர்க்கத்தான் உலகெங்கும் விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள். தீர்ப்பார்கள் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு.

மற்றொரு வகை, சல்பைடு வகை. 2011-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்ட ஒரு சல்பைடு, அயனி ஓட்டத்தில் திரவத்துக்கே சமமாக நின்றது. டொயோட்டா போன்ற பெரிய கம்பெனிகள் இந்த வகையின் பின்னால்தான் ஓடுகின்றன. ஆனால் சல்பைடில் ஈரம் பட்டால் கிளம்புவது ஹைட்ரஜன் சல்பைடு. அந்த அழுகிய முட்டை நாற்றத்தைப் பற்றிக் கடலூர் சிப்காட் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குடிகாடு, ஈச்சங்காடு பகுதி மக்கள் 2004-ல் தாங்களே காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பி, தாங்கள் சுவாசிப்பது என்ன என்று நிரூபித்தவர்கள். ஆகவே நாம் கேட்கிறோம்: வண்டி ஓட்டுபவருக்குப் பத்திரமான பாட்டரி, அதைச் செய்யும் தொழிலாளிக்கும் பத்திரமா? ஆலையை அடுத்துக் குடியிருப்பவருக்கும் பத்திரமா? விளம்பரத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

தென் கொரியாவின் ஹ்வாசியாங் நகரில் 2024 ஜூன் 24-ந் தேதி ஒரு லித்தியம் பாட்டரி ஆலை எரிந்தது. அது ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டரி செய்யும் ஆலை. 23 தொழிலாளிகள் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். செத்தவர்களில் மிகப் பலர் ஏஜெண்டு மூலம் வந்த தற்காலிகத் தொழிலாளிகள். எந்தப் பக்கம் ஓடினால் வெளியேறலாம் என்று கூட அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. 2025 செப்டம்பரில் கோர்ட்டு அந்தக் கம்பெனித் தலைவருக்கு 15 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அங்கே தொழிலாளிகளைக் கொன்றது லித்தியம் மட்டுமா?

இங்கே எரிந்தது எதனால்?

நம் நாட்டுக்கு வருவோம். 2022-ல் வண்டிகள் வரிசையாக எரிந்த போது மத்திய சர்க்கார் ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தைக் கொண்டு விசாரித்தது. பாட்டரிப் பெட்டிகளின் அமைப்பிலேயே பழுது இருந்தது. செலவைக் குறைக்க மட்டமான சாமான் போட்டிருக்கலாம் என்று அந்த விசாரணை கண்டதாகப் பத்திரிகைகளில் வந்தது. மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழுது பார்க்கத் திரும்ப அழைத்தன. அதன் பிறகே 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாகக் கடுமையான விதிகள் அமலாயின. செல்களுக்கிடையே போதிய இடைவெளி, கூடுதல் பியூஸ், தண்ணீர் புகாத பெட்டி, ஒரு செல் எரிந்தால் மற்றதற்குப் பரவாதா என்ற சோதனை – இவையே அந்த விதிகள்.

இவற்றில் எதற்காவது கெட்டிப் பாட்டரி வேண்டுமா? எதற்கும் வேண்டாம்! முன்னமேயே செய்திருக்கக் கூடியவைதாம் எல்லாம். செய்யவில்லை. ஏன்? இடைவெளி விட்டால் பெட்டி பெரிதாகும். நல்ல செல் போட்டால் விலை ஏறும். சோதனை செய்தால் நாள் ஆகும். போட்டிக் கம்பெனி முந்திக்கொள்ளும். லாபம் அவசரப்பட்டது, வேலூரில் ஒரு சிறுமி செத்தாள். இதைத் "தொழில் நுட்பப் பிரச்னை" என்று சொல்பவர்களுக்கு மனச்சாட்சி எங்கே இருக்கிறது?

இதே காலத்தில் இந்தப் புண்ணியவான்கள் வேறென்ன செய்துகொண்டிருந்தார்கள்? மின்சார வண்டிக்குச் சர்க்கார் மானியம் கொடுத்தது. உள்நாட்டில் செய்த பாகங்களைப் போட வேண்டும் என்பது நிபந்தனை. வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டிவிட்டு மானியத்தை வாங்கிக்கொண்டார்கள் என்று கண்டு, 7 கம்பெனிகளிடம் 469 கோடி ரூபாயைத் திருப்பிக் கேட்டது சர்க்கார், 2023-ல். ஏழை விவசாயி கூட்டுறவுச் சங்கக் கடனில் ஒரு தவணை தவறினால் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறான். இந்தக் கனவான்களுக்கு நோட்டீசு தபாலில் போகிறது!

இந்த நிலையில் சட்டம் இறுக வேண்டுமா, தளர வேண்டுமா? 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டப்படி 20 பேர் வேண்டும். பாட்டரிச் செல்களை வாங்கிப் பெட்டியில் அடுக்கிப் பற்றவைக்கும் கொட்டகைகளில் பெரும்பாலும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? 12 பேர், 15 பேர். ஆபத்தான தொழில் என்று சர்க்கார் தனியே அறிவித்தாலொழிய, அந்தக் கொட்டகை இனித் தொழிற்சாலையே அல்ல. இன்ஸ்பெக்டரின் பெயரும் மாறிவிட்டது. இனி அவர் "ஆய்வாளர் மற்றும் வசதி செய்து தருபவர்". யாருக்கு வசதி? கேட்க வேண்டியதில்லை.

பணம் எங்கே போகிறது?

"சர்க்கார் பாட்டரித் தொழிலுக்கு ஒன்றும் செய்யவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். செய்கிறது, நன்றாகவே செய்கிறது. 2021 மே மாதம் பாட்டரிச் செல் உற்பத்திக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத் தொகை அறிவித்தது. 2022-ல் ஒப்பந்தம் பெற்றவர்களில் ரிலையன்சும் ஓலாவும் உண்டு. தங்க வியாபாரத்தில் பெயர் பெற்ற ராஜேஷ் எக்ஸ்போர்ட்சும் உண்டு! உற்பத்தி செய்தால்தான் பணம் என்பது விதி. ஆனால் நாட்டில் பாட்டரி விஞ்ஞானத்துக்கென்றே ஒரு பொது ஸ்தாபனம் இருக்க, அதன் தலைமையில் ஒரு பொதுத்துறை ஆலை கட்ட வேண்டுமென்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

2025 ஜூலையில் இன்னொரு திட்டம். ஆராய்ச்சிக்கென்று 1 லட்சம் கோடி ரூபாய். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. யாருக்கு? தனியார் துறைக்கு. நீண்ட காலத் தவணை. வட்டி குறைவு, அல்லது வட்டியே கிடையாது. நம் சிதம்பரத்தைப் பாருங்கள். 1929-ல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தை 2013-ல் மாநில சர்க்கார் ஏற்றது. பிறகு பணமில்லை, ஆள் அதிகம் என்று சொல்லி நூற்றுக்கணக்கான ஆசிரியர்களையும் ஊழியர்களையும் வேறு கல்லூரிகளுக்கும் காரியாலயங்களுக்கும் அனுப்பினார்கள். கார்னெட் பீங்கானைக் கண்டது கம்பெனி அல்ல, இப்படிப்பட்ட ஒரு சர்வகலாசாலை வாத்தியார். வாத்தியார்களை விரட்டிவிட்டு முதலாளிக்கு ஆராய்ச்சிக் கடன் கொடுத்தால் அடுத்த கண்டுபிடிப்பு எங்கிருந்து வரும்?

எல்லாம் நம்மிடம் இருக்கிறது

இனி முக்கியமான விஷயம். "நம்மால் என்ன முடியும்? வெளிநாட்டுக் கம்பெனி செய்து தந்தால்தான் உண்டு" என்று சொல்வோருக்கு நம் பதில்: கொஞ்சம் நம் மண்ணைச் சுற்றிப் பாருங்கள்.

அறிவு காலாப்பட்டில் இருக்கிறது. அடுத்து, காரைக்குடி. மத்திய மின் ரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அதற்குக் கொடுத்தார். கொடுத்தது பொதுக் காரியத்துக்கு. யாருடைய தனி லாபத்துக்கும் அல்ல. அந்த நிலையம் லித்தியம் அயனிச் செல்லை உள்நாட்டிலேயே செய்யும் முறையை வகுத்தது. 2018 ஜூனில் அந்த முறையை ஒரு தனியார் கம்பெனிக்குக் கைமாற்ற ஒப்பந்தம் போட்டார்கள்.

பீங்கான் வேலை தெரிந்தவர்கள் வேண்டுமா? நம் மாவட்டத்து விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. சர்க்கார் செராமிக் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இருக்கிறது. அகல் விளக்கும் பொம்மையும் பியூஸ் கட்டையும் செய்து கொண்டிருந்த தொழிலாளர் குடும்பங்கள் ஆர்டர் இல்லாமல் தவிக்கின்றன. பொம்மை சுடும் சூளையில் நாளைக்கே பாட்டரி சுட்டு விடலாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்குச் சுத்தமான பொடி, ஈரமில்லாத அறை, துல்லியமான சூளை எல்லாம் வேண்டும். ஆனால் மண்ணையும் நெருப்பையும் அறிந்த கைகள் இருக்கின்றன; கற்றுக் கொடுத்தால் செய்யும்.

மூலப்பொருள்? சிர்கோனியம் தரும் சிர்க்கானும், லாந்தனம் அடங்கிய மோனசைட்டும் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை மணலில் இருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் மத்திய சர்க்காரின் அரிய மணல் ஆலையே நடக்கிறது. தென் கடற்கரையில் தனியார் தாது மணலை அள்ளிச் சென்ற கொள்ளையை 2013-ல் மாநில சர்க்கார் தடை செய்ய நேர்ந்தது. அப்படிப்பட்ட செல்வம் அது. லித்தியத்துக்கு மட்டும் வெளியே போக வேண்டும்; அதற்கும் மத்திய சர்க்காரின் காபில் நிறுவனம் 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவில் 5 பகுதிகளுக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறது.

வாங்குவோர்? நெய்வேலி இருக்கிறதே! அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தோடு 8 மெகாவாட் மணி பாட்டரியையும் அமைத்து நடத்துவது நெய்வேலி நிறுவனமே. வெயிலும் காற்றும் தரும் மின்சாரத்தைச் சேமிக்க இனிப் பெரிய பெரிய பாட்டரிகள் வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மாஸ் லாண்டிங்கில் அப்படிப்பட்ட ஒரு நிலையம் எரிந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். நெய்வேலி மக்களும் தீயை அறிந்தவர்களே. 2020 ஜூலை 1-ல் பாய்லர் வெடித்து அந்த இடத்திலேயே 6 தொழிலாளிகள் மாண்டதை யார் மறக்க முடியும்? எரியாத பாட்டரி தேவைப்படும் முதல் இடம் இதுவே.

காலாப்பட்டு, காரைக்குடி, விருத்தாசலம், மணவாளக்குறிச்சி, நெய்வேலி – இந்த ஐந்திலும் பொதுஜனங்களின் பணமும் உழைப்பும் இருக்கின்றன. இவற்றை ஒரே கயிற்றில் கோக்கும் திட்டந்தான் இல்லை. திட்டம் போட வேண்டியவர்கள் முதலாளிகளின் மாநாட்டில் கைதட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

நாம் கேட்பது என்ன?

முதலாவதாக, இன்றைய வண்டிகளுக்கு இன்றே பாதுகாப்பு. விதிகள் வருவதற்கு முன் விற்ற வண்டிகள் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றின் பாட்டரிகளைக் கம்பெனிச் செலவில் சோதித்து, பழுதானவற்றை மாற்றித் தர வேண்டும். பெட்டி வீங்கிய வண்டியைக் கொண்டு போனால் "நீங்கள் சார்ஜ் போட்ட விதம் தப்பு" என்று விரட்டும் வழக்கம் நிற்க வேண்டும். பஸ் நிலையம், ஆட்டோ ஸ்டாண்டு தோறும் நகரசபை பொதுச் சார்ஜிங் கொட்டகை அமைத்தால், ஏழைகள் படுக்கைக்குப் பக்கத்தில் தீயை வைத்துக்கொண்டு தூங்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, பாட்டரி செய்யும், அடுக்கும், உடைக்கும் எல்லா இடங்களையும், ஆள் எத்தனை என்று பாராமல், ஆபத்தான தொழில் என்று மாநில சர்க்கார் அறிவிக்க வேண்டும். காண்டிராக்ட் ஆளுக்கும் நிரந்தர ஆளுக்கும் ஒரே பயிற்சி, ஒரே பாதுகாப்பு.

மூன்றாவதாக, கெட்டி மின்பகுளிப் பாட்டரிக்குப் பொதுத்துறையில் முன்மாதிரி ஆலை. காரைக்குடி நிலையம் தலைமை ஏற்கட்டும். புதுச்சேரியும் அண்ணாமலையும் விஞ்ஞானிகளைத் தரட்டும். விருத்தாசலத்துத் தொழிலாளிகளுக்குப் பயிற்சி கிடைக்கட்டும். நெய்வேலி முதல் ஆர்டரைக் கொடுக்கட்டும். ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய 1 லட்சம் கோடியில் இதற்குப் பங்கு வேண்டும். பொதுப் பணத்தில் பிறக்கும் காப்புரிமை பொதுவிலேயே இருக்க வேண்டும்.

இவை நடக்க முடியாத காரியங்கள் அல்ல. ஆனால் கேட்காமல் கிடைக்க மாட்டா. ஆட்டோச் சங்கங்களும், சாமான் கொண்டு கொடுக்கும் தொழிலாளர்களின் சங்கங்களும், மின்வாரியத் தோழர்களும், நெய்வேலித் தொழிலாளர்களும், கல்லூரி ஆசிரியர்களும் ஒன்று சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டிலும் பழைய பாட்டரி வண்டிகள் எத்தனை, வீங்கியவை எத்தனை என்று இந்த மாதமே கணக்கெடுத்து, கலெக்டர் காரியாலயத்தில் மனுவாகக் கொடுப்போம். எரியாத பாட்டரியைக் கண்டது மக்கள் பணம். அதன் பலனும் மக்களையே வந்து சேர வேண்டும். அது வரும் வரையில் ஓர் உயிரும் "பொறுத்திருங்கள்" என்ற வார்த்தைக்குப் பலியாக நாம் இடங்கொடுக்கக் கூடாது.